கிளையண்ட் சொந்த நாட்டில், நான் வெளிநாட்டில்: வரியை அங்கேயே கட்டினால் போதும்தானே?

6 பிப்ரவரி 2025, கேள்வி

ஃப்ரீலான்ஸ் வேலை. கிளையண்ட் மூவருமே சொந்த நாட்டில். பணம் அங்கே இருக்கும் என் கணக்கில்தான் விழுகிறது, வரியும் அங்கேயே கட்டுகிறேன். ஏழு மாதமாக நான் வசிப்பது மட்டும் வேறு நாட்டில். இங்கே யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அதனால் இந்த நாட்டு வரித்துறைக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

6 பிப்ரவரி 2025, இரவு

சரியில்லை. இந்தத் தொழிலில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த ஒரு நினைப்பில்தான்.

பணம் எங்கிருந்து கிளம்புகிறது, எந்தக் கணக்கில் விழுகிறது என்பது பெரும்பாலான நாடுகளுக்கு இரண்டாவது கேள்வி. வேலை செய்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கிளையண்ட் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், மடிக்கணினி எந்த நாட்டு மேசையில் இருந்ததோ அங்கே ஈட்டிய வருமானமாகவே அது பார்க்கப்படும். அதற்கு மேல், ஏழு மாதம் என்றால் 183 நாள் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டியவரை அந்த ஆண்டுக்குக் குடியிருப்பவராகவே எடுத்துக்கொள்ளும் நாடுகள் நிறைய. குடியிருப்பவர் என்று ஆகிவிட்டால் உலகெங்கும் சம்பாதித்தது எல்லாம் அங்கே காட்டப்பட வேண்டியதாகிவிடும், சொந்த நாட்டு கிளையண்டின் பணம் உட்பட.

இரண்டு இடத்திலும் முழு வரி கட்ட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரு நாட்டுக்கும் நடுவே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் வழி உண்டு. அந்த வழியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், தானாக நடக்காது.

7 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 183 என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது போதாது. ஒரே எண் மூன்று வேறு இடங்களில் வருகிறது, மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம் 'குடியிருப்பவர்' யார் என்று சொல்வது. இதில் 183 பொதுவான எண், ஆனால் அது ஒன்றே இல்லை. சுவிட்சர்லாந்தில் சம்பாதிக்கும் வேலை செய்துகொண்டு 30 நாள் தங்கினாலே போதும். வேலை இல்லாமல் என்றால் 90. ஜெர்மனியில் உங்கள் கையில் எப்போதும் பயன்படுத்தக்கூடிய வீடு ஒன்று இருந்தாலே கணக்கில் வருவீர்கள், நாள் எண்ணும் வரை காத்திருக்க மாட்டார்கள். சைப்ரஸில் சில நிபந்தனைகளோடு 60 நாள் விதி உண்டு.

இரண்டாவது, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் மாதிரி ஒப்பந்தத்தில், அதாவது நாடுகள் தங்களுக்குள் வரி ஒப்பந்தம் போட வார்ப்பாக எடுத்துக்கொள்வதில், 15வது பிரிவில் வரும் 183. இணையத்தில் பாதிப் பேர் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அது சம்பளம் வாங்கும் ஊழியருக்கானது. ஃப்ரீலான்சருக்கு அது பொருந்தவே பொருந்தாது. "183 நாளுக்குள் கிளம்பிவிட்டால் வரியே இல்லை" என்று அதை வைத்துச் சொல்பவர் பிரிவைத் தவறாகப் படித்திருக்கிறார்.

மூன்றாவது, அதேபோல ஐ.நா. தந்த மாதிரி ஒப்பந்தத்தின் 14வது பிரிவு. சுயதொழில் செய்பவருக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான்: அந்த நாட்டில் நிலையான அலுவலக இடம் வைத்திருந்தாலோ, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாளோ அதற்கு மேலோ தங்கியிருந்தாலோ அந்த நாடு வரி போடலாம். ஓஇசிடி மாதிரியிலிருந்து 14வது பிரிவை 2000ஆம் ஆண்டில் நீக்கிவிட்டார்கள். அதன்படி போட்ட ஒப்பந்தங்களில் நம் வருமானம் 7வது பிரிவின் 'தொழில் லாபம்' ஆகிவிடும். நடைமுறையில் இருக்கும் பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் 14 இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் இரு நாட்டு ஒப்பந்தத்தைத் திறந்து, 14 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து நிமிட வேலை. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

7 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

"இரண்டு நாடும் என்னைக் குடியிருப்பவர் என்றால்?" என்று கேள்வியைத் தொடங்கியவர் கேட்டிருக்கிறார்.

அதற்கு ஒப்பந்தத்தின் 4வது பிரிவு. வரிசையாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் முடிவு கிடைத்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது. நிரந்தர வீடு எங்கே? இரண்டிலும் இருந்தால் குடும்பமும் பொருளாதார உறவும் எந்த நாட்டோடு நெருக்கம்? அதிலும் தெளிவில்லை என்றால் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள்? அதன் பின்தான் குடியுரிமை. அதுவும் தீர்க்காவிட்டால் இரு நாட்டு அதிகாரிகளும் பேசித் தீர்ப்பார்கள். இங்கே 'நிரந்தர வீடு' என்றால் சொந்த வீடு என்று இல்லை. எப்போது வேண்டுமானாலும் போய்த் தங்கும்படி கையில் வைத்திருக்கும் வாடகை வீடும் சேரும். சொந்த நாட்டு வீட்டை நீண்ட ஒப்பந்தத்தில் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டால் அது உங்கள் கையில் இல்லை. பூட்டிச் சாவியை வைத்திருந்தால் உங்கள் கையில் இருக்கிறது. முடிவையே மாற்றக்கூடிய வேறுபாடு இது.

இந்த வரிசைப்படி சொந்த நாட்டிலேயே குடியிருப்பவர் என்று தேறி, தங்கும் நாட்டில் நிலையான தொழில் இடமும் இல்லை, ஒப்பந்தம் 7வது பிரிவு வகை என்றால், கேள்வியில் இருந்த "அங்கேயே கட்டினால் போதும்" என்பது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கிளையண்ட் அங்கே இருப்பது அதற்குக் காரணம் இல்லை. அதனால்தான் 'சரியில்லை' என்று தொடங்கினேன்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள் இந்த வரிசையால் பெரிதாகத் தப்ப முடியாது. எங்கே வசித்தாலும் அவர்களுக்கு அமெரிக்கக் கணக்கும் உண்டு.

9 பிப்ரவரி 2025

நாள் எண்ணுவது. பெரும்பாலும் நாளின் ஒரு பகுதி இருந்தாலும் ஒரு நாள். வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் சேரும். பிரிட்டனில் நள்ளிரவில் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் பொதுவான கணக்கு. ஐரோப்பாவின் பொது விசா பகுதியான ஷெங்கனில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம் என்ற 90/180 விதி குடியேற்றக் கணக்கு, வரிக் கணக்கு இல்லை. அதிலும் வந்த நாளும் போன நாளும் எண்ணப்படும். 180 என்பது நிற்கும் சாளரம் அல்ல, ஒவ்வொரு நாளும் பின்னோக்கி நகரும் சாளரம். "ஆறு மாதம் முடிந்தது, மறுபடி 90" என்று நினைப்பது தவறு.

விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டு முத்திரைப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மூன்று ஆண்டு கழித்துக் கேட்கும்போது விமான நிறுவனத்தின் தளத்தில் பழைய பயணங்கள் இருக்காது.

10 பிப்ரவரி 2025

இன்னொன்று: வரி ஆண்டு. பல நாடுகளில் ஜனவரி–டிசம்பர். இந்தியாவில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31. பிரிட்டனில் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5. ஆஸ்திரேலியாவில் ஜூலை 1 முதல் ஜூன் 30. ஒரே இன்வாய்ஸ் ஒரு நாட்டின் இந்த ஆண்டிலும் மற்ற நாட்டின் அடுத்த ஆண்டிலும் விழும். அதனால் வருமானப் பதிவேட்டை ஆண்டுவாரியாக வைக்காமல் மாதவாரியாக வைத்தால் எந்த நாட்டுக்கும் வெட்டிக் கூட்டிக் கொடுத்துவிடலாம். பதிவேட்டின் ஒவ்வொரு வரிசையிலும் வேலை செய்த தேதிகள், இன்வாய்ஸ் தேதி, பணம் சேர்ந்த தேதி, அன்றைய மாற்று விகிதம், அப்போது இருந்த நாடு. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

16 பிப்ரவரி 2025

இதுவரை நம் பக்கத்தையே பேசினோம். கிளையண்ட் பக்கம் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

நீங்கள் சொந்த நாட்டில் 'குடியிராதவர்' ஆகிவிட்டால், கிளையண்ட் உங்களுக்குப் பணம் கொடுப்பது வெளிநாட்டவருக்குக் கொடுப்பதாகிவிடும். பல நாடுகளில் அப்போது மூலத்திலேயே வரி பிடிக்கும் விதி வேறு, விகிதம் வேறு, படிவம் வேறு. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு கிளையண்ட் தலையில் விழும். "வேலையை வெளிநாட்டில்தானே செய்தேன், இங்கே பிடிக்க என்ன இருக்கிறது" என்ற வாதம் எல்லா ஒப்பந்தத்திலும் நிற்காது. தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்று தனிப் பிரிவு உள்ள ஒப்பந்தங்களில், வேலை எங்கே நடந்தாலும் பணம் கொடுக்கும் நாடு ஒரு பங்கு பிடித்துக்கொள்ளலாம். ஐ.நா. மாதிரியில் 2017ல் 12ஏ என்று இதையே சேர்த்தார்கள்.

கணக்கு எப்படி இடிக்கும் என்று பாருங்கள். இன்வாய்ஸ் 1,000. கிளையண்ட் 10 சதவீதம் பிடித்து 900 அனுப்புகிறார். உங்கள் செலவு 400, லாபம் 600. தங்கும் நாட்டில் லாபத்துக்கு 15 சதவீதம் வரி என்றால் 90. வெளிநாட்டில் பிடித்த 100ஐக் கழிக்கக் கேட்டால், கழிவு உள்நாட்டு வரிக்கு மேல் போகாது. 90 மட்டும் கழியும். மீதி 10 போனது போனதுதான், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் ஒழிய. பிடித்தம் மொத்தத் தொகைக்கு, வரி லாபத்துக்கு. செலவு அதிகமுள்ள தொழிலில் இந்த இடைவெளி கடுமையாக அடிக்கும்.

பிடித்தத்தைக் கிளையண்டே ஏற்பதாக ஒப்புக்கொண்டால், இன்வாய்ஸை 1,100 என்று போடாதீர்கள். 1,100ல் 10 சதவீதம் போனால் கையில் 990. 1,000ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 1,111.11.

குறைந்த ஒப்பந்த விகிதம் வேண்டுமென்றால் தங்கும் நாட்டு வரித்துறையிடமிருந்து வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, முதல் பணம் வருவதற்கு முன் கிளையண்டிடம் கொடுக்க வேண்டும். பிடித்த பிறகு கொடுத்தால் பல நாடுகளில் ரீஃபண்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதுதான் வழி. சான்றிதழ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். போய்ச் சேர்ந்ததும், தகுதி வந்த உடனே, விண்ணப்பியுங்கள்.

17 பிப்ரவரி 2025

கேள்வி: "அப்படியானால் கிளையண்டிடம் சொல்லாமலே இருந்துவிட்டால்? பழைய முகவரியிலேயே இன்வாய்ஸ் போட்டால்?"

செய்யாதீர்கள். ஓஇசிடி 2014ல் உருவாக்கிய பொது அறிக்கை முறையில் வங்கிகள் கணக்கு வைத்திருப்பவரின் வரிக் குடியிருப்பு நாட்டைக் கேட்டுப் பதிவு செய்கின்றன. 2017 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட வரித்துறைகள் படிப்படியாக அந்தத் தகவலைப் பரிமாறத் தொடங்கின. நீங்கள் தங்கும் நாட்டில் கணக்கு திறக்கும்போது ஒரு நாட்டைச் சொல்லி, சொந்த நாட்டு வங்கியில் வேறு நாட்டைச் சொல்லியிருந்தால் இரண்டும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வரும். பொய் முகவரியால் மாட்டுவது நீங்கள் மட்டும் இல்லை, நம்பி வேலை கொடுத்தவரும்தான். இந்தியா போன்ற நாடுகளில் குடியிருப்பு நிலை மாறினால் சாதாரணக் கணக்கைக் குடியிராதவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியே ஆக வேண்டும். அது விருப்பம் அல்ல, விதி.

கிளையண்டிடம் பேசும்போது 'எனக்கு இது மாறுகிறது' என்று தொடங்காமல் 'உங்கள் கணக்குப் பிரிவில் இது மாறும், இதோ தேவைப்படும் காகிதம்' என்று தொடங்குங்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் இடமாற்றத்துக்கு அல்ல, தெரியாத வேலை வந்து சேருவதற்கு.

17 பிப்ரவரி 2025

மறந்தது: வாட், ஜிஎஸ்டி. நிறுவனத்துக்குச் செய்யும் சேவை என்றால், ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதைப் போன்ற முறையுள்ள நாடுகளிலும் சேவை நடந்த இடமாகக் கருதப்படுவது வாங்குபவரின் நாடு. நீங்கள் வரி சேர்க்காமல் இன்வாய்ஸ் போடுவீர்கள், கிளையண்ட் தலைகீழ் முறையில் தானே கணக்குக் காட்டுவார். ஆனால் உங்கள் சேவை இப்போது அவருக்கு 'இறக்குமதி'. வரியைத் திரும்பப் பெறும் உரிமை இல்லாத சிறு கிளையண்டுக்கு இது நேரடிச் செலவாகிவிடும். விலை பேசும் முன் கேட்டுவிடுங்கள். தனிநபர் கிளையண்டுகளுக்கு விதி வேறு.

2 மார்ச் 2025

விசா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வரி தனி, குடியேற்றம் தனி. ஒன்றில் சரியாக இருப்பது மற்றதைச் சரியாக்காது.

சுற்றுலா விசாவில் மடிக்கணினியைத் திறக்கலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் பார்வையாளர்கள் தொலைவேலை செய்யலாம் என்று விதியிலேயே எழுதியது. ஆனால் வந்ததன் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் வெளிநாட்டு முதலாளி, கிளையண்டுக்காகப் பார்வையாளர் வேலை செய்ய அனுமதித்தது. 90 நாளுக்கு மேல் என்றால் வரி விளைவைப் பாருங்கள் என்று அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். வெளிப்படையாக எழுதாத நாடுகளில் 'யாரும் கேட்பதில்லை' என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொலைவேலை செய்பவர்களுக்கான தனி விசாவை எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. ஸ்பெயினுடையதில் உள்ளூர்க் கிளையண்டுக்குச் செய்யும் வேலை மொத்தத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் வருமான அளவில் இல்லை, ஆதாரத்தின் வடிவத்தில். மூன்று கிளையண்டிடமிருந்து மூன்று தொகை, மூன்று தேதி, வெவ்வேறு பெயர் வடிவில் வந்திருந்தால் அதிகாரிக்குத் தொடர்பு தெரியாது. ஒப்பந்தம், அதற்கான இன்வாய்ஸ், அதற்கான வங்கி வரவு மூன்றையும் ஒரே எண்ணால் கட்டிக் கொடுங்கள். கிளையண்ட் தரும் கடிதத்தில் வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம் என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும்.

8 மார்ச் 2025

நாளை, 9ஆம் தேதி, அமெரிக்காவில் கோடை நேரத்துக்காகக் கடிகாரம் ஒரு மணி முன்னால் போகிறது. ஐரோப்பாவில் 30ஆம் தேதிதான். நடுவில் மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி அல்ல, 4 மணி வித்தியாசம். வாராந்திரச் சந்திப்பு வைத்திருப்பவர்கள் காலண்டரைப் பாருங்கள்.

சந்திப்பை உலகப் பொது நேரத்தை வைத்து 'யூடிசி கூட்டல் இத்தனை' என்று போடாதீர்கள், ஊர்ப் பெயரால் வரும் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டல் கழித்தல் எண் கோடையில் மாறும்; ஊர்ப் பெயர் போட்டால் மாற்றத்தைக் காலண்டரே பார்த்துக்கொள்ளும். யார் ஊர் என்றால், கிளையண்டின் ஊர். அவர் நேரம் நிலையாக இருக்க வேண்டும், நகர வேண்டியது நீங்கள்.

ஒப்பந்தத்தில் 'வேலை நேரத்தில் கிடைப்பேன்' என்று எழுதாமல், 'கிளையண்ட் ஊர் நேரம் 14:00 முதல் 17:00 வரை' என்று எழுதுங்கள். இருபக்கமும் 9 முதல் 18 வரை வேலை என்றால் 5 மணி வித்தியாசத்தில் 4 மணி நேரம் பொதுவாகக் கிடைக்கும். 8 மணி வித்தியாசத்தில் ஒரே ஒரு மணி. அதற்கு மேல் என்றால் யாராவது ஒருவர் தூக்கத்தைக் கொடுக்க வேண்டும். அது யார், வாரத்தில் எத்தனை நாள் என்பது விலை பேசும்போதே தீர வேண்டிய விஷயம்.

9 மார்ச் 2025

நேற்றைய குறிப்பு பூமியின் வட அரைக்கோளத்துக்கு மட்டும் பொருந்தும். ஒருவர் சுட்டிக்காட்டியது சரி: ஒரு முனை தெற்கில் இருந்தால் மாற்றம் இரண்டு படியில் நடக்கும், எதிரெதிர்த் திசையில். லண்டன்–சிட்னி இப்போது 11 மணி. மார்ச் 30ல் 10 ஆகும், ஏப்ரல் 6ல் 9 ஆகும். ஒரு முனையில் கடிகாரமே மாறாத நாடு என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் குளிர்காலத்தில் 8, கோடையில் 7.

21 மார்ச் 2025

பணம் குறைந்து வருகிறது என்ற புகார். "1,000 அனுப்பினேன் என்கிறார், 960 வந்தது. கிளையண்ட் பொய் சொல்கிறாரா?"

இல்லை. வங்கிகளின் பன்னாட்டுச் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தேர்வு உண்டு. ஓயூஆர் என்றால் அனுப்புபவர், பிஇஎன் என்றால் பெறுபவர், எஸ்எச்ஏ என்றால் அவரவர் பங்கு. கேட்காவிட்டால் பல வங்கிகள் எஸ்எச்ஏவில் அனுப்பும். நடுவிலுள்ள இடை வங்கிகள் தங்கள் கட்டணத்தை அந்தத் தொகையிலேயே எடுத்துக்கொள்ளும். இன்வாய்ஸிலேயே 'கட்டணம் ஓயூஆர். முழுத் தொகையும் கணக்கில் சேர வேண்டும்' என்று எழுதுங்கள். அப்படியும் உங்கள் சொந்த வங்கி வரவுக் கட்டணம் போடலாம், அது வேறு.

பணம் காணவில்லை என்றால் 'அனுப்பிவிட்டேன்' என்ற ஸ்கிரீன்ஷாட்டால் பயன் இல்லை. அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய அடையாள எண்ணான யூஇடிஆரைக் கேளுங்கள், இடைக்கோடுகளோடு 36 எழுத்து. அதை வைத்து எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடலாம். நிற்பதற்குப் பொதுவான காரணம் பெயர். கணக்கில் முன்னெழுத்தோடு, கடவுச்சீட்டில் விரித்து, இன்வாய்ஸில் வேறு விதமாக என்று மூன்று வடிவம் இருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். கணக்கில் உள்ள வடிவத்தையே, எழுத்து மாறாமல், இன்வாய்ஸிலும் போடுங்கள்.

கட்டணத்தைவிடப் பெரிய கசிவு மாற்று விகிதம். அன்றைய நடுச்சந்தை விகிதத்தையும் (சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) உங்களுக்குக் கிடைத்ததையும் ஒப்பிடுங்கள். 3 சதவீத இடைவெளி என்றால் 1,000க்கு 30; ரசீதில் அது 'கட்டணம்' என்று எங்குமே தெரியாது.

22 மார்ச் 2025

நேற்றையதன் தொடர்ச்சி. எந்த நாணயத்தில் விலை பேசுவது? கிளையண்டின் நாணயம் என்றால் அவருக்கு எளிது, ஆனால் உங்கள் வாடகை வேறு நாணயத்தில். அந்த நாணயம் 8 சதவீதம் சரிந்தால் உங்கள் சம்பளமே 8 சதவீதம் குறைந்தது. உங்கள் நாணயத்தில் கேட்டால் சிறு கிளையண்ட் தயங்குவார்.

நடுவழி ஒன்று நன்றாக வேலை செய்கிறது. விலை கிளையண்டின் நாணயத்தில். ஒப்பந்தத் தேதியின் விகிதத்தை அடிப்படையாக எழுதிவிட வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை பார்த்து, 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் தாண்டிய பகுதியைப் பாதி பாதியாக இருவரும் ஏற்பது. மேலே போனாலும் கீழே போனாலும் ஒன்றுதான். 8 சரிந்தால் தாண்டியது 3, விலை ஏறுவது 1.5. விகிதம் எங்கிருந்து எடுப்பது என்பதையும் எழுத வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணியை ஒட்டி வெளியிடும் குறிப்பு விகிதம் போல யாரும் மறுக்க முடியாத ஒன்று.

5 ஏப்ரல் 2025

உள்நுழைவுப் பிரச்சினை. கிளையண்டின் அமைப்பு திடீரென்று பூட்டிக்கொள்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் உள்நுழைவைத் தடுக்கும் விதி ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கண்டத்திலிருந்து நுழைவதுபோல் தெரிவது இன்னொன்று; தனிப்பட்ட விபிஎன்னைப் போட்டும் எடுத்தும் இருந்தால் இதுதான் நடக்கும். கிளம்பும் முன் கிளையண்டின் ஐடி பிரிவுக்கு நாடு, தேதி இரண்டையும் எழுதிக் கொடுங்கள். இடத்தை மறைக்க விபிஎன் போடுவது வழி இல்லை, ஒப்பந்த மீறல்.

சொந்த நாட்டு வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் மட்டும் வரும் என்றால் அந்த எண் உயிரோடு இருந்தாக வேண்டும். ரோமிங் செயலில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அதை இயக்க அதே எண்ணுக்கு ஓடிபி கேட்பார்கள், அது வராது. முடிந்த இடத்தில் எல்லாம் 30 நொடிக்கு ஒரு முறை எண் மாறும் செயலிக்கு மாறிவிடுங்கள், அதற்கு நெட்வொர்க்கே வேண்டாம். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, கைபேசியோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

6 ஏப்ரல் 2025

தனிநபர் தரவைத் தொடும் வேலை என்றால் மேலே சொன்னதில் சட்டப் பக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் கிளையண்டின் ஊழியர் வெளியே பயணம் போய்த் தரவைத் திறந்தால் அது ஒரு கணக்கு. ஃப்ரீலான்சர் தனி அமைப்பு. அவர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து திறப்பது தரவை வெளியே அனுப்பியதாகவே கொள்ளப்படும். அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு போதுமானது என்று ஒன்றியம் எடுத்த 'போதுமை முடிவு' இல்லையென்றால் 2021ல் வந்த நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் போன்ற ஏற்பாடு தேவை. திரையில் பார்ப்பதும் சேரும், பதிவிறக்கம் செய்தால்தான் என்று இல்லை.

7 ஏப்ரல் 2025

"இணைய வேகம் 100 எம்பிபிஎஸ், ஆனாலும் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது." வேகம் அல்ல, தாமதம். கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட் எடுக்கும். 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100, நடுவிலுள்ள கருவிகள் தனி. எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் அது குறையாது. உங்களால் குறைக்க முடிவது வீட்டுக்குள் உள்ளது: வைஃபைக்குப் பதில் கம்பி, அழைப்பு நேரத்தில் காப்புப்பிரதி ஏற்றத்தை நிறுத்துவது.

19 மே 2025

சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்குக் கட்டுவது) பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். வரி ஒப்பந்தம் இதைத் தொடாது. இரண்டு நாடும் பங்களிப்பு கேட்கலாம், அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தற்காலிகமாக மாறும் சுயதொழிலாளர் ஏ1 சான்றிதழ் வாங்கினால் 24 மாதம் வரை சொந்த நாட்டிலேயே கட்டலாம். கிளம்பும் முன் சொந்த நாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாத இரு நாடுகள் என்றால் இரண்டு பக்கமும் கட்ட நேரலாம். திரும்பக் கிடைக்காத செலவு அது, விலையில் சேருங்கள்.

20 மே 2025

இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார்: ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தாராம், 14வது பிரிவு இருக்கிறது, 183 நாள் விதியோடு.

அப்படியென்றால் ஏழு மாதம் தாண்டிய நிலையில் இந்த நாட்டுக்கு வரி போடும் உரிமை உண்டு, 4வது பிரிவில் நீங்கள் எங்கே தேறினாலும். சொந்த நாட்டில் குடியிருப்பவர் என்று தேறினால், இந்த நாடு போடக்கூடியது இங்கே இருந்து செய்த வேலையின் வருமானத்துக்கு மட்டும். இன்வாய்ஸ்களை வேலைத் தேதி வைத்துப் பிரியுங்கள். வரித்துறை கடிதம் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே பதிவு செய்து தாக்கல் செய்யுங்கள்; தானாக முன்வந்தவருக்கு அபராதம் குறைவாக இருக்கும் நாடுகள் பல. பிறகு இங்கே கட்டிய ரசீதோடு சொந்த நாட்டில் கழிவு கேளுங்கள். அங்கே திருத்திய படிவம் தாக்கல் செய்யக் கெடு உண்டு, அதை முதலில் பாருங்கள். இந்த ஒரு முறையாவது இரு நாட்டுப் படிவமும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

3 ஜூலை 2025

கிளையண்ட் ஒருவர் 'எங்கள் சார்பில் அங்கே ஒப்பந்தம் பேசிக் கையெழுத்தும் போடுங்கள்' என்று கேட்டாராம். கையெழுத்து அதிகாரத்தை ஏற்காதீர்கள். வரி ஒப்பந்தத்தின் 5வது பிரிவின்படி, கிளையண்டைச் சார்ந்திருக்கும் ஒருவர் அவர் சார்பில் வழக்கமாக ஒப்பந்தம் முடித்தால், அந்த நாட்டில் கிளையண்டுக்கே நிலையான தொழில் இடம் உண்டானதாகக் கொள்ளலாம். நிறுவன வரி வரை போகும். ஆளை அறிமுகப்படுத்துவது, விளக்குவதோடு நிறுத்தி, முடிவும் கையெழுத்தும் அவர் நாட்டிலிருந்தே நடக்கட்டும். மின்னஞ்சல் கையொப்பத்தில் அவர்கள் நிறுவனப் பதவியைப் போட்டுக்கொள்வதையும் தவிருங்கள்.

14 அக்டோபர் 2025

பிப்ரவரி 9 குறிப்பில் முத்திரைப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு–வெளியேற்ற அமைப்பு படிப்படியாக வரத் தொடங்கியது. குறுகிய காலத்துக்கு வரும் ஒன்றியத்துக்கு வெளியிலுள்ளவர்களுக்கு முத்திரைக்குப் பதில் மின்பதிவு. முத்திரை இல்லாமல் போகும் இடங்களில் உங்கள் கையில் இருக்கும் சான்று போர்டிங் பாஸ் மட்டும்தான். அதை இனி கட்டாயம் சேமியுங்கள்.

24 அக்டோபர் 2025

வரும் ஞாயிறு, 26, ஐரோப்பாவில் கடிகாரம் பின்னால். அமெரிக்காவில் நவம்பர் 2. நடுவில் அந்த ஒரு வாரம் லண்டன்–நியூயார்க் மறுபடி 4 மணி. சிட்னி 5ஆம் தேதியே மாறிவிட்டது, லண்டனோடு இப்போது 10. ஞாயிறு முதல் 11. இந்த வாரம் போட்ட அழைப்புகள் எந்த ஊர் மண்டலத்தில் இருக்கின்றன என்று இன்றே ஒரு முறை திறந்து பாருங்கள்.